டெல் போட்டாலும் போகாத மெமரி

பைகிட்2 பற்றி எபிசோடில் வேகமாக ஓடிட்டோம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

நூற்றுக்கணக்கான ரெப்போக்களைத் திறந்து, கமிட்களைப் படித்து, ரிப்போர்ட் தரும் ஒரு சர்வீஸ். லேப்டாப்பில் சூப்பரா ஓடும். அதையே 512 எம்பி கன்டெய்னரில் போட்டால், ரெண்டு நாள் கழித்து நடுராத்திரியில் லினக்ஸ் அதைக் கொன்றுவிடும். ஒரு ட்ரேஸ்பேக்கூட மிஞ்சாது. ட்ரேஸ்மேலாக் வைத்துத் தேடினாலும் பெரிதாக எதுவும் சிக்காது.

ஏன்னா, பைகிட்2 என்பது சி மொழியில் எழுதிய லிப்கிட்2 மேல் போர்த்திய மெல்லிய போர்வை. பெரிய மெமரி எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கு. ட்ரேஸ்மேலாக் எண்ணுவது பைத்தான் தானே ஒதுக்கியதை மட்டும். சி-யில் வாங்கியதை யாராவது ஃப்ரீ பண்ணியாகணும். அதை பைகிட்2 நமக்காகச் செய்யுது, ஆனால் பைத்தான் ஆப்ஜெக்ட்டின் கடைசி ரெஃபரன்ஸ் போன பிறகுதான்.

இங்கேதான் பலர் மாட்டுறாங்க. ஒவ்வொரு கமிட் ஆப்ஜெக்ட்டும் தன் ரெப்போவை இறுக்கிப் பிடித்திருக்கும். நீங்க ரெப்போவுக்கு டெல் போட்டாலும், எங்கோ ஒரு டிக்‌ஷனரியில் ஒரே ஒரு கமிட் மிச்சமிருந்தால் போதும், மொத்த ரெப்போவும் உயிரோடு இருக்கும். பத்து ரெப்போன்னா தெரியாது, ஐந்நூறுன்னா தெரியும். அதனால் கமிட்டைச் சேர்த்து வைக்காதீங்க. அதன் ஐடியை ஸ்ட்ரிங்காக வைங்க, வேணும்போது திரும்ப எடுத்துக்கலாம்.

அடுத்தது கேஷ். லிப்கிட்2 தன் ஆப்ஜெக்ட் கேஷுக்கு வைத்திருக்கும் டீஃபால்ட் உச்சவரம்பு 256 எம்பி, அதாவது நம்ம கன்டெய்னரில் சரிபாதி! இது லீக் இல்லை, வேணும்னே வைத்தது. பைகிட்2 செட்டிங்ஸில் கேஷ்_மேக்ஸ்_சைஸ் மூலம் குறைக்கலாம். இப்போ எவ்வளவு பிடித்திருக்குன்னு கேஷ்ட்_மெமரி சொல்லும்.

பெரிய ஃபைல்னா, பிளாபின் டேட்டாவைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் புது காப்பி உருவாகும். மெமரிவியூ போட்டால் காப்பி இல்லை. ஆனா அந்த வியூ இருக்கும்வரை பிளாபும் போகாது.

கிட்பைத்தான் பக்கம் ஓடலாம்னு நினைக்காதீங்க. நாள்கணக்கில் ஓடும் ப்ராசஸுக்கு அது ஏற்றதல்லன்னு அதன் ரீட்மீயே சொல்லுது. தனி ப்ராசஸாகப் பிரித்து அவ்வப்போது மூடிடுங்கன்னு அங்கேயே யோசனையும் இருக்கு. சிலருக்கு இது ஏமாற்று வேலையாத் தெரியும். எனக்கு இது பைகிட்2-க்கும் பிடித்த வழி. மல்டிப்ராசஸிங் பூலில் மேக்ஸ்டாஸ்க்ஸ்பெர்சைல்ட் 50-ன்னு கொடுத்தால், 50 வேலை முடிந்ததும் அந்த வொர்க்கர் போய், புதுசு வரும். பழையது பிடித்திருந்ததை எல்லாம் கர்னல் வாங்கிக்கும், யார் ரெஃபரன்ஸை மறந்திருந்தாலும்.