அடைப்பான் நோயும் அதன் விஷமும்

மாலையில் நன்றாய் மேய்ந்து திரும்பிய மாடு காலையில் தொழுவத்தில் இறந்து கிடப்பதும், மூக்கு, வாய், ஆசனவாய் முதலிய துவாரங்களிலிருந்து உறையாத கறுத்த இரத்தம் கசிவதும், வயிறு விரைவில் உப்புவதும் அடைப்பான் நோயின் அடையாளங்களாம். இந்நோய் ஆடுமாடுகளையேயன்றி மனிதரையும் பற்றும். இதன் கிருமி எவ்வாறு கொல்லுகிறது என்பதை அறிந்தால், தடுப்பு ஊசி போடுவதும், இறந்த பிராணியை அறுக்காதிருப்பதும் ஏன் அவசியமென்பது தானே விளங்கும்.

நோய்க்குக் காரணம் கோல் வடிவான ஒரு கிருமி. ஜெர்மனி தேசத்து ராபர்ட் காக் என்னும் வைத்தியர் 1876-ம் வருஷத்தில் இதன் வாழ்க்கை முறையை விளக்கினார். இக்கிருமியிடம் இரண்டு ஆயுதங்கள் உள. ஒன்று விஷம், மற்றொன்று அதன் உடலைச் சூழ்ந்த உறை. இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்கி அழிப்பது இயல்பு. உறையுள்ள கிருமியை அவை எளிதில் விழுங்கமாட்டா. விஷமோ மூன்று பொருள்களால் ஆயது. முதலாவது, பிராணியின் உயிரணுக்களில் ஒட்டி வழி திறக்கும். ஏனைய இரண்டும் அவ்வழியே புகுந்து, ஒன்று வீக்கத்தையும் மற்றொன்று மரணத்தையும் விளைவிக்கும். விஷம் மிகுந்த பின்னர்ப் பென்ஸிலினால் கிருமிகளைக் கொன்றாலும், எஞ்சிய விஷமே பிராணியை மாய்த்துவிடும். ஆதலின் சிகிச்சையைவிடத் தடுப்பே மேலானது.

இவ்விரு ஆயுதங்களையும் ஆக்கும் மரபுக் கூறுகள் கிருமிக்குள் தனித்தனியான இரு சிறு வளையங்களில் அமைந்துள்ளன. ஒரு வளையத்தை இழந்த கிருமி கேடயமிழந்த வீரனைப்போல் வலி குன்றும். தென்னாப்பிரிக்காவில் ஸ்டெர்ன் என்பவர் 1937-ல் உறையற்ற ஒரு வகையைப் பிரித்தெடுத்தார். அது சிறிது விஷத்தை உண்டாக்கும். ஆயினும் உறையின்மையால் பெருகிக் கொல்லாது. பிராணியின் உடலோ அவ்விஷத்தை எதிர்க்கும் சக்தியைப் பெறும். கால்நடைகளுக்கு இன்று போடப்படும் அடைப்பான் தடுப்பு மருந்து பெரும்பாலும் இவ்வகையினின்று செய்யப்படுவதே.

பல தேசங்களில் எடுத்த அடைப்பான் கிருமிகளை ஒப்பிட்டால், மூன்று பெருங்கிளைகள் காணப்படினும், அவற்றிடையே வேற்றுமை மிகச் சொற்பம். மண்ணில் வித்தாக உறங்கும் காலத்தில் கிருமி பெருகுவதில்லை. பெருகாதபோது மாறுதலும் அரிது. ஆகவே ஒரே தடுப்பு மருந்து எங்கும் பயன்படுகிறது. உள்ள சிறு வேற்றுமைகளைக்கொண்டு, நோய் எங்கிருந்து வந்ததென்று துப்பறியவும் கூடும்.

அவ்வித்துக்களே பேரபாயம். அறுக்கப்படாத உடலில் காற்று புகாமையால் வித்து உண்டாவது அரிது; உடல் அழுகும்போது கிருமிகள் பெரும்பாலும் மடியும். அறுத்தாலோ, சிந்திய இரத்தத்திலுள்ள கிருமிகள் காற்றுப்பட்டு வித்துக்களாகிப் பல்லாண்டு மண்ணில் நிலைக்கும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த குருயினார்டு என்னும் தீவில் 1942-ல் யுத்தப் பரிசோதனைக்காக இவ்வித்துக்கள் பரப்பப்பட்டன. 1986-ல் மருந்து தெளித்து மண்ணைச் சுத்தி செய்து, 1990-ல்தான் தீவு அபாயமற்றதென அறிவிக்கப்பட்டது. தோலின் விலைக்காக ஒரு மாட்டை அறுப்பவன் தன் மேய்ச்சல் நிலத்துக்கும் அத்தகைய கேட்டையே தேடிக்கொள்கிறான்.

ஆதலால் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை:

1. திடீரென இறந்த பிராணியை அறுக்கவோ, தோலுரிக்கவோ, இறைச்சியை உண்ணவோ கூடாது. நாய், கழுகுகள் அணுகாதபடி காத்து, உடனே மிருக வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

2. அவர் சொற்படி உடலை எரிக்க வேண்டும். அன்றேல் நீர்நிலைக்கும் மேய்ச்சலுக்கும் அப்பால் ஆறடிக்குக் குறையாத ஆழத்தில் புதைக்க வேண்டும். இரத்தம் பட்ட வைக்கோலையும் எரித்துவிட வேண்டும்.

3. முன்பு நோய் கண்ட கிராமங்களில் ஆண்டுதோறும் ஆரோக்கியமான கால்நடைகளுக்கு ஊசி போடுவிக்க வேண்டும். மருந்து உயிருள்ளதாதலின், அச்சமயம் பென்ஸிலின் முதலியவற்றைக் கொடுக்கலாகாது.

4. அப்பிராணியைத் தொட்டவருக்கு வலியின்றிக் கருமையான பொருக்குடன் புண் தோன்றினால், தாமதியாமல் வைத்தியரை நாட வேண்டும்.

இறந்த மாட்டின் தோலால் வரும் பணம் சொற்பம். அதனால் மந்தைக்கு நேரும் நஷ்டமோ தலைமுறை கடந்து நிற்கும்.