ஞாயிற்றுக்கிழமை வெல்டரும் நீல சிலிண்டரும்!

திங்கள் முதல் சனி வரை ஆபீஸில் ஃபைல் தள்ளுகிற ஆசாமி நான். ஞாயிறு காலை காபி உள்ளே போனதும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் 'ஒர்க்‌ஷாப்'புக்குள் நுழைந்துவிடுவேன். (ஒர்க்‌ஷாப் என்பது நான் வைத்த பெயர். வீட்டம்மா வைத்த பெயர், காயலான் கடை!)

எவர்சில்வரில் பூந்தொட்டி ஸ்டாண்ட் செய்ய ஆசைப்பட்டு, டிக் வெல்டிங் மெஷின் வாங்கினேன். அதற்கு ஆர்கான் கேஸ் வேண்டும். நாலு கடைக்கு போன் போட்டேன். யார் ரீஃபில் ரேட் கம்மியாகச் சொன்னாரோ, அவர் கடைக்கே போனேன். பெரிய சிலிண்டர் ஒன்று ஆட்டோவில் ஜம்மென்று வந்து இறங்கியது. பக்கத்து வீட்டு மாமா, "என்ன சார், ஆஸ்பத்திரி ஆரம்பிக்கப் போறேளா?" என்றார்.

இரண்டு ஞாயிறு வேலை நடந்தது. அப்புறம் ஆபீஸில் ஆடிட், ஊரில் மச்சினி கல்யாணம்... சிலிண்டர் மூலையில் நின்றது. மூன்று மாதம் கழித்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"பாதிக்கு மேல கேஸ் அப்படியே இருக்கு அண்ணே, எவ்வளவு கழிப்பீங்க?"

"கழிக்கிறதா? நாள் வாடகை ஏறிக் கிடக்கு சார். முதல்ல அதைக் கட்டுங்க!"

கேஸ் விலையைவிட வாடகை அதிகம். டெபாசிட்டில் பாதி அங்கேயே போச்சு. அந்தச் சூடு போட்ட பாடத்தைத்தான் உங்களுக்கு இலவசமாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: கேஸ் தேவைதானா?

கிரில் கேட், இரும்பு ஸ்டூல் செய்ய சாதாரண ஆர்க் வெல்டிங் போதும். ராடின் மேல்பூச்சே எரிந்து புகைத்திரை போட்டுக் காக்கும், சிலிண்டரே வேண்டாம். டிக் என்றால் ஆர்கான். மிக் மெஷினில் சாதா இரும்புக்குக் கார்பன் டை ஆக்சைடோ, ஆர்கான் கலந்ததோ போதும். கேஸ் கட்டிங்குக்கு ஆக்சிஜனும் அசிட்டிலினும். நம் நாட்டில் ஆர்கானுக்கு நீலம், ஆக்சிஜனுக்குக் கறுப்பு, அசிட்டிலினுக்கு மெரூன் வர்ணம். வர்ணத்தோடு லேபிளையும் படியுங்கள்.

எந்த சைஸ்?

பெரிய சிலிண்டரில் சுமார் 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர் கேஸ். டிக் டார்ச்சில் நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால், 700 நிமிடம் வரும். கிட்டத்தட்ட 12 மணி நேரம்! சின்ன சிலிண்டரில் 1.5 கன மீட்டர். இரண்டரை மணி நேரம். டார்ச் எரிகிற நேரம் மட்டும்தான் கணக்கு. அளப்பது, அறுப்பது, தேய்ப்பது, 'சாப்பிட வர்றீங்களா இல்லையா' என்ற குரலுக்குப் பதில் சொல்வது எல்லாம் போக, ஒரு ஞாயிறில் டார்ச் அரை மணி எரிந்தால் பெரிசு. நமக்குச் சின்னதே தாராளம்.

வாடகையா, சொந்தமா?

நாளைக்கு 10 ரூபாய் வாடகை என்று வையுங்கள். வருஷத்துக்கு 3,650 ரூபாய். வருஷத்தில் ஞாயிறு 52தான். மழை, கல்யாணம், மாமியார் விஜயம் போக மிச்சம் எத்தனை? நீங்கள் லீவு போட்டாலும் வாடகை லீவு போடாது! ஆகவே கடைக்காரரிடம் ரீஃபில் ரேட்டை மட்டும் கேட்காதீர்கள். டெபாசிட் எவ்வளவு, முழுசாகத் திரும்பி வருமா, வாடகை எந்த நாளிலிருந்து ஓடும், ஏற்றி இறக்கும் கூலி யார் தலையில்... எல்லாம் கேட்டு, பில்லில் சிலிண்டர் நம்பரோடு எழுதி வாங்குங்கள்.

சொந்தமாக வாங்குவதானால் இன்னொரு கேள்வி: "என் சிலிண்டரையே நிரப்பித் தருவீங்களா, மாத்தித் தருவீங்களா?" மாற்றுகிறவர் என்றால் உங்கள் புதுசு போய், தாத்தா காலத்து சிலிண்டர் வீட்டுக்கு வரலாம். ஆர்கான், ஆக்சிஜன் சிலிண்டர்களை 5 வருஷத்துக்கு ஒரு முறை தண்ணீர் அழுத்தத்தில் டெஸ்ட் செய்ய வேண்டும். தோள்பட்டையில் தேதி குத்தியிருக்கும். கெடு தாண்டியிருந்தால், "வேற கொடுங்க" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். டேட் பார்க்கவிடாமல் அவசரப்படுத்துகிற கடைக்கு ஒரு கும்பிடு!

நிரம்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆர்கானும் ஆக்சிஜனும் கேஜில் சுமார் 150 காட்ட வேண்டும். கார்பன் டை ஆக்சைடு, அசிட்டிலின் இரண்டுக்கும் கேஜை நம்ப முடியாது; எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் குழந்தை குட்டி உண்டே!

சிலிண்டரை நிறுத்தி, சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள். சாய்ந்து விழுந்து வால்வு உடைந்தால் ராக்கெட்தான். ஆர்கான் விஷமல்ல, ஆனால் காற்றைவிடக் கனம். மூடிய அறையில் கசிந்தால் சத்தமில்லாமல் மூச்சுக் காற்றைத் தள்ளிவிடும், வாசனையும் கிடையாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆக்சிஜன் வால்வில் எண்ணெய், கிரீஸ் கூடவே கூடாது, தீப்பிடிக்கும். அசிட்டிலினைப் படுக்கப் போடக் கூடாது. உள்ளே இருக்கிற அசிட்டோன் வெளியே வந்துவிடும்.

கடைசியில் எனக்கு ஒரு சின்ன கடை அகப்பட்டது. ரீஃபில் ரேட் கொஞ்சம் கூடத்தான். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "வாரத்துல எத்தனை மணி நேரம் சார் வெல்டிங் பண்ணுவீங்க?" சொன்னேன். சிரித்துவிட்டு, "உங்களுக்குப் பெரிசு வேண்டாம், சின்னதா சொந்தமா வாங்கிடுங்க" என்றார். பெரிசைத் தள்ளிவிட்டு வாடகை வாங்கியிருக்கலாம், செய்யவில்லை. அன்றிலிருந்து அவர்தான் என் சப்ளையர்.

பூந்தொட்டி ஸ்டாண்டும் தயார். கொஞ்சம் ஆடுகிறது. "பரவாயில்லை, காத்து அடிக்கிற மாதிரி இருக்கு" என்று வீட்டம்மா சர்டிபிகேட் கொடுத்துவிட்டாள்!