உஷார்! பத்திரத்தில் எழுதினால் விவாகரத்து ஆகாது

"பெரியவங்க முன்னாடி தீர்த்தாச்சுங்க. பத்திரமும் எழுதியாச்சு. இனித் தடையே இல்லைங்க."

சேவூரிலோ அவிநாசிப் பக்கத்திலோ இரண்டாம் கல்யாணப் பேச்சில் இப்படி யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அது விவாகரத்து அல்ல. நோட்டரி முத்திரையும் ஐந்து சாட்சிகளும் சீரைத் திருப்பிக் கொடுத்த பட்டியலும் இருந்தாலும், நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை அவர்கள் கணவன் மனைவிதான். இந்து திருமணச் சட்டப்படி அந்த நிலையில் கட்டும் தாலி முதல் நாளிலிருந்தே செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. முதல் கல்யாணத்தை மறைத்துக் கட்டினால் 10 ஆண்டு வரை. ஆணுக்கு மட்டுமல்ல, பெண்ணுக்கும் இதே சட்டம்தான்.

"எங்க சனத்துல இது வழக்கம்" என்பார்கள். வழக்காற்று விவாகரத்துக்கு இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு இடம் தருவது உண்மை. ஆனால் பத்திரம் எழுதினால் மட்டும் போதாது, அப்படியொரு வழக்கம் இருப்பதை வழக்கிலேயே எடுத்துச் சொல்லி நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. நிரூபிக்க முடியாமல் போனால், கூட்டத்தில் கையெழுத்துப் போட்ட பெரியவர்களா உங்களுக்காகக் குற்றவாளிக் கூண்டில் நிற்பார்கள்?

"ஏழு வருஷம் பிரிஞ்சிருந்தா தானாவே ரத்து" என்பதும் பொய். உயிரோடு இருப்பதாகவே ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரின் துணைக்குத்தான் மறுமணக் குற்றத்திலிருந்து விலக்கு. பக்கத்து ஊரில் இருக்கிறார் என்று தெரிந்திருந்தால் எழுபது வருஷம் ஆனாலும் ரத்தாகாது.

நம் பகுதிக்கு மிக அருகில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1986-ல் தன்னை ஒருவர் மணந்துகொண்டு, சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுப் போய்விட்டார் என்று ஒரு பெண் 2001-ல் கோவை குடும்பநல நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்டார். அந்த ஆள், 1980-லேயே தனக்கு வேறொரு பெண்ணுடன் கல்யாணம் ஆகிவிட்டது என்றார். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இந்தப் பெண் பக்கம் நின்றன. 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முதல் மனைவி என்று சொல்லப்பட்டவரை விசாரிக்காமல் அவர் மனைவியே இல்லை என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டு, வழக்கைக் கோவைக்கே திருப்பி அனுப்பியது. ஒன்பது ஆண்டு அலைந்த பிறகு மறுபடியும் முதல் படி! சேர்ந்து வாழ்ந்த உறவைத் திருமணம் போன்றதாகக் கொள்ளவும், இருவரும் மணமாகாதவர்களாக இருந்திருக்க வேண்டும் என்றது அதே தீர்ப்பு. அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஆண்கள் தப்பிக்கப் பார்க்கும் ஒரு சந்தும் அடைபட்டுவிட்டது. 1984-ல் திருத்தணியில் ஒரு மண்டபத்தில் இரண்டாம் கல்யாணம் செய்த ஒருவர், ஏழடி எடுத்துவைக்கும் சடங்கு நடக்கவில்லை, அதனால் அது கல்யாணமே இல்லை, குற்றமும் இல்லை என்று வாதாடினார். சுயமரியாதைத் திருமணத்துக்காக 1967-ல் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவுப்படி மாலை மாற்றினாலோ தாலி கட்டினாலோ போதும், அது கல்யாணம்தான் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதம் மாறிக் கட்டினாலும் தப்ப முடியாது என்பது 1995-லேயே சரளா முத்கல் வழக்கில் முடிந்த விஷயம்.

பனியன் கம்பெனி வேலைக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து லைன் வீட்டில் தங்குகிறவர்களுக்கு ஊர்ப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்று இங்கே யாருக்கும் தெரிவதில்லை. அப்படி ஒருவர் முதல் மனைவி இருக்க இங்கே இன்னொரு கல்யாணம் செய்து, பிறகு இறந்தால் பி.எஃப். குடும்பப் பென்ஷன் சட்டப்படியான மனைவிக்கே போகும். இருபது வருஷம் சோறு போட்டவளுக்கு அதில் உரிமை இருக்காது. இப்படிப் பிறந்த பிள்ளைகளைச் சட்டம் கைவிடவில்லை என்பது ஒரே ஆறுதல். பெற்றோர் சொத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

ரெண்டு சென்ட் இடம் வாங்க முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோமே, பெண்ணைக் கொடுக்கும்போது ஏன் பார்ப்பதில்லை? விவாகரத்து ஆனவர் என்றால் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள். எதிர்த்தரப்பு வராமலே கொடுத்த ஒருதலைத் தீர்ப்பா என்று கவனியுங்கள்; அதை நீக்கச் சொல்லி அவர் பின்னால் வரக்கூடும். இந்து திருமணச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு 90 நாள் உண்டு, அது முடியும்வரை பொறுங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டோம் என்பதும் காப்பாற்றாது. செல்லாத கல்யாணம் பதிவு செய்தாலும் செல்லாததுதான்.

ஏற்கெனவே பத்திரம் எழுதிப் பிரிந்து ஒரு வருஷம் ஆனவர்கள், இருவரும் சேர்ந்து பரஸ்பர சம்மத மனுவை இப்போதே போடுங்கள். ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டிருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும், 15100-க்குக் கூப்பிடுங்கள். பத்திரத்தை நம்பி மறுமணமும் செய்துவிட்டவர்கள் முதலில் வக்கீலைப் பாருங்கள். விவாகரத்து பிறகு கிடைத்தாலும் ஏற்கெனவே கட்டிய இரண்டாம் தாலிக்கு அது உயிர் கொடுக்காது. தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டுக் காலமும் கழிந்தபின், புதிதாகக் கல்யாணம் செய்து 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.