கடிகாரம் வைக்காத ஓட்டம்

"பரிசும் இல்ல, டைமும் எடுக்க மாட்டாங்கன்னா, அங்க போய் எதுக்குண்ணே ஓடணும்?"

புதுச்சேரி முதலியார்பேட்டையில் டீக்கடை பெஞ்சில் இப்படிக் கேட்டவன் காவலர் தேர்வுக்குப் பழகிக்கொண்டிருக்கும் பையன். இருட்டு விலகும் முன்பே உப்பளம் மைதானத்துக்குப் போய் வட்டம் வட்டமாக ஓடிவிட்டு, வியர்வை காயாமல் வந்து டீ குடிப்பான். அவனுக்கு ஓட்டம் என்றாலே ஸ்டாப்வாட்ச்தான். ஒரு நொடி பிந்தினால் வேலை கைவிட்டுப் போகும். அப்படிப்பட்டவனிடம் "சந்தோஷத்துக்கு ஓடறாங்கப்பா" என்று ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிட்டால் அது அவனை மதித்த பேச்சாகாது. அதனால் இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகவே பேசினேன்.

அவன் கேட்டது ஆரோவில் மாரத்தானைப் பற்றி. 2008-ல் தொடங்கி, பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்துவருகிற ஓட்டம். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர், அரை மாரத்தான் 21.1, புதிதாக வருகிறவர்களுக்கு 10. பெரும்பகுதி செம்மண் தடம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனிக்கிழமையே வந்து தங்கி ஓடுகிறவர்கள் நிறையப் பேர். நமக்கோ வண்டியை எடுத்தால் முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

மும்பை மாதிரியான பெரிய ஓட்டங்களில் நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையோடு ஒரு சின்ன சிப் வரும். தொடக்கத்திலும் முடிவிலும் நடுவே சில இடங்களிலும் தரையில் பட்டையாக மேட் விரித்திருப்பார்கள். அதைத் தாண்டும்போது நொடி பதிவாகிவிடும். வீட்டுக்கு வருவதற்குள் நீங்கள் எத்தனையாவது ஆள் என்பது போனில் வந்து நிற்கும். ஆரோவில்லில் இந்த ஏற்பாடு இல்லை. முதல், இரண்டாவது என்று வரிசையும் இல்லை. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே வாழைப்பழம், ஒரே கைதட்டல்.

இதைக் கேட்டால் பொழுதுபோக்கு ஓட்டம் என்று தோன்றும். ஆனால் 42 கிலோமீட்டர் எங்கே ஓடினாலும் 42 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. 1896-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஓடியது ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 1908-ல் லண்டனில் வின்ட்ஸர் அரண்மனையில் தொடங்கி மைதானத்தில் அரச குடும்பம் உட்காரும் இடத்துக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்று அளந்ததில் 42.195 ஆனது. 1921-ல் அதையே நிரந்தரமாக்கினார்கள். தூரம் ராஜாவின் வசதிக்காக வந்தது. அதைத் தாங்குகிற உடம்பு மட்டும் நம்முடையது.

அந்த உடம்பின் கணக்கைத்தான் தம்பிக்கு முதலில் சொன்னேன். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் ஓட்டிக் கொண்டுபோக ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். அவன் 65 கிலோ. 42 கிலோமீட்டருக்கு 2,700-க்கு மேல் வருகிறது. ஆனால் தசையிலும் ஈரலிலும் சர்க்கரையாகச் சேர்த்துவைத்திருக்கும் எரிபொருள் 2,000 கிலோகலோரி அளவுக்குத்தான் இருக்கும். மீதியைக் கொழுப்பு தரவேண்டும். ஒல்லியான ஆளிடம்கூடக் கொழுப்புக்குப் பஞ்சமில்லை, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். மெதுவாக ஓடினால் கொழுப்பு அதிகப் பங்கைச் சுமக்கும். வேகம் கூடக்கூட உடம்பு சர்க்கரையையே கேட்கும். முதல் 10 கிலோமீட்டரில் கூட்டத்தோடு கூட்டமாகப் பறந்தவர் 30-வது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் திடீரென்று காலியாகி நிற்பது இதனால்தான். ஓட்டக்காரர்கள் அதைச் சுவர் என்பார்கள்.

அந்தச் சுவரில் முட்டியவர்கள் சொல்வதைக் கேட்டால், கால் வலித்தது என்று தொடங்க மாட்டார்கள். கால் சொன்னபடி கேட்கவில்லை என்பார்கள். மூளைக்கும் சர்க்கரைதான் ஆகாரம் என்பதால் புத்தியும் மங்கும். 42-ல் 33 போனால் மீதி எவ்வளவு என்று கணக்குப் போட வராது. காரணமில்லாமல் கண்ணீர் வரும், பக்கத்தில் ஓடுகிறவர் மேல் கோபம் வரும். ஒரு துண்டு ஆரஞ்சைக் கையில் வைத்தவரைப் பெற்ற தாய் மாதிரி பார்ப்பார்கள். பழம் உள்ளே போன சில நிமிடங்களில் உலகம் பழையபடி தெளியும்.

"அதுக்கும் டைம் எடுக்காததுக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்றான்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கையில் ஒரு இலக்கு நேரம் இருந்தால், நான்கு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம், உடம்பு வேண்டாம் என்று சொல்லும்போதும் கடிகாரத்தின் பேச்சைத்தான் கேட்போம். அன்றைக்குத் தூக்கம் போதவில்லை, காற்றில் ஈரம் அதிகம், முந்தின வாரம் சளி பிடித்திருந்தது என்பதெல்லாம் கடிகாரத்துக்குத் தெரியாது. சிப் இல்லாத தடத்தில் ஓடுகிறவர், தன் மூச்சைத் தவிர வேறு எதையும் நம்பமுடியாத இடத்துக்கு மெல்ல வந்துவிடுகிறார். மூச்சு நல்ல அளவுகோல். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேசமுடிந்தால் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் கூடுதல் வேகம். பயிற்சியாளர்கள் உலகம் முழுக்கச் சொல்லித்தருகிற சோதனைதான் இது. ஆனால் சொல்லிக் கேட்பது வேறு, முன்பின் தெரியாத ஒருவரோடு முந்திரித் தோப்போரம் பேசிக்கொண்டே ஐந்தாறு கிலோமீட்டர் கடந்துவிட்டோம் என்று உணர்வது வேறு. அங்கே ஓடி வந்தவர்கள் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பது அந்தப் பேச்சைத்தான்.

முதலியார்பேட்டைக்காரனாக எனக்கு இதில் இன்னொன்றும் தோன்றுகிறது. இந்தப் பேட்டை தலைமுறை தலைமுறையாக மில் சங்குக்கு எழுந்து மில் சங்குக்குத் தூங்கிய இடம். 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில், பெரியவர்களுக்கு இன்றும் ரோடியர் மில், 2020-ல் மூடும்வரை ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நேரம் அதன் கையில் இருந்தது. 1936 ஜூலை 30-ல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது எட்டு மணி நேர வேலை. மறுவருடம் அது சட்டமானது. தன் நேரத்தில் ஒரு பகுதியாவது தனக்கு வேண்டும் என்பதற்காக உயிர் போன மண் இது. அந்தத் தொழிலாளிகளின் பேரனும் பேத்தியும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை யாருக்கும் கணக்குக் காட்டாமல் ஓடிக் கழிப்பதை வசதிக்காரர்களின் விளையாட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நம் தெருக்களிலிருந்து இன்னும் நிறையப் பேர் போகவேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

எங்கள் தெருவில் அரை மாரத்தான் ஓடிய அக்கா ஒருவர் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, இரண்டு பிள்ளைகள். அவர் பயிற்சிக்குக் கடலூர் சாலை ஓரமாக ஓடினால் நாய் துரத்தும், பைக்கில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். கடற்கரைச் சாலையில் காலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் அங்கே போய் ஓடுவார். ஆனால் அது ஒன்றரை கிலோமீட்டர் இருந்தால் அதிகம். காந்தி சிலையை எத்தனை முறை சுற்றுவது? ஆரோவில்லில் ஓடிவிட்டு வந்து அவர் சொன்னது இதுதான்: "பின்னால யாரு வர்றாங்கன்னு திரும்பிப் பார்க்காம நான் ஓடினது அன்னைக்குத்தான் தம்பி." ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு மாரத்தான் வைத்தது 1984-ல்தான். அதற்கு முன்பு அவ்வளவு தூரம் பெண் உடம்பு தாங்காது என்று மருத்துவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள்.

தடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இன்றைக்கு ஓடுகிறவர்கள் தலைக்கு மேலே நிழல் இருப்பதை இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் மரமற்ற செம்மண் பொட்டல். மழை பெய்தால் மேல்மண் ஓடைகளாக அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகும். இரும்பைக் கோயிலோடு சேர்த்து, கடுவெளிச் சித்தரின் சாபத்தால்தான் இந்த நிலம் வறண்டது என்று சுற்றுவட்டாரத்தில் கதையே உண்டு. மழைநீர் ஓடாமல் வரப்புக் கட்டி, பள்ளங்களில் தடுப்பணை போட்டு, லட்சக்கணக்கில் கன்று நட்டு வந்த காடுதான் இப்போது ஓடும் பாதை. சுற்றுக் கிராமத்து ஆட்களின் உழைப்பும் அதில் நிறைய இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபோது ஏராளமான மரங்கள் விழுந்தன. இப்போது நிற்பது அதற்குப் பிறகும் எழுந்த காடு.

செம்மண் தடம் காலுக்குச் செய்வது வேறு. தார்ச்சாலையில் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழும், ஒரே தசை ஒரே அடியை ஆயிரக்கணக்கான முறை வாங்கும். தடத்தில் ஒரு அடி வேரின் மேல், ஒரு அடி சரளையில், ஒரு அடி புழுதியில். வேலை பல தசைகளுக்குப் பிரியும். பதிலுக்குக் கணுக்கால் விழித்திருக்கவேண்டும். முழு மாரத்தான்காரர்கள் இருட்டிலேயே கிளம்பிவிடுவதால் முதல் சில கிலோமீட்டர் டார்ச் வெளிச்சத்தில் தரையைப் பார்த்தே ஓடுவார்கள். வெறுங்காலோடு ஓடுகிறவர்களும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் ஷூவைக் கழற்றி எறியக்கூடாது. பாதம் பழக மாதக்கணக்கு ஆகும்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசினேன், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். ஓடும்போது செலவாகும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்புக்கு இருக்கிற பெரிய வழி வியர்வை ஆவியாவது. ஆவியாகவேண்டும், அதுதான் முக்கியம். கடலோரத்து ஈரக்காற்றில் வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் காயாது. சொட்டி விழும் வியர்வை ஒரு துளிகூடக் குளிர்ச்சி தராது. பிப்ரவரி விடியல் இதமாக இருக்கிறதே என்று தொடங்குகிறவர், எட்டரை மணிக்கு மரம் இல்லாத ஒரு திறப்பில் வெயில் நேராக இறங்கும்போது வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். குளிர் நடுக்கம், தடுமாற்றம், பேச்சுக் குழறல் வந்தால் ஓட்டம் அத்தோடு முடிந்தது. நெஞ்சில் அழுத்தம் வந்தாலும் அப்படியே. நிழலில் உட்கார்ந்து ஆளைக் கூப்பிடவேண்டும். நேரம் பதிவாகாத ஓட்டத்தில் நிற்பது மனசுக்குச் சுலபம் என்பதையும் நான் ஒரு பெரிய பாதுகாப்பாகவே நினைக்கிறேன்.

"அப்போ தண்ணிய நல்லா குடிச்சிக்கணும்" என்றான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தாகம் இல்லாமல் ஒவ்வொரு இடத்திலும் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அவர்களில் பலர் ஓடும்போது எடை கூடியவர்கள். மெதுவாக ஓடி, நிறைய நேரம் வழியில் இருக்கிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். தாகத்துக்குக் குடி, கூடவே உப்பு எடுத்துக்கொள் என்றேன்.

கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "செலக்ஷன் முடியட்டும்ணே, நேரா 21-க்கே பேரு கொடுத்துடறேன்" என்றான். 10-ல் தொடங்கு என்று சொன்னால் கேட்கிற வயசா அது?

சரி, அப்படியென்றால் உப்பளத்து வட்டம் போதாது. அவன் இப்போது பழகுவது சில நிமிட வேகத்துக்கு. இதற்கு வாரத்தில் ஒரு நாள், பேசிக்கொண்டே ஓடமுடிகிற வேகத்தில் நீள ஓட்டம் வேண்டும். 8 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் ஒன்று அல்லது ஒன்றரை கூட்டி, நான்காவது வாரம் குறைத்து உடம்பை ஆறவிட்டு, மறுபடி ஏற்றினால் மூன்று மூன்றரை மாதத்தில் 16, 18 வந்துவிடும். அதற்கு மேல் பயிற்சியில் தேவையில்லை. பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையை உறிஞ்சிக் கனத்து நெஞ்சை உரசி ரத்தம் வரவைக்கும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் வாசலின். ஷூ ஏற்கெனவே பல வாரம் ஓடிப் பழகியதாக இருக்கவேண்டும், அன்றைக்கென்று புதிதாக வாங்கக்கூடாது. முந்தின ராத்திரி பிரியாணி வேண்டாம். காலையில் கிளம்புவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் போதும்.

"டீ?" என்றான்.

தினமும் குடிக்கிற ஆள் அன்றைக்கும் குடிக்கலாம். பாதி டம்ளர்.