வயலில் நிற்பது எந்தக் கோரை? பிடுங்கிப் பார்த்துவிட்டு மருந்து வாங்குங்கள்

வரப்பில் நின்று பார்த்தால் நெல்லுக்கு நடுவே ஒல்லியாக நிற்பதெல்லாம் கோரையாகத்தான் தெரியும். கடைக்குப் போய் "கோரைக்கு மருந்து கொடுங்க" என்று கேட்டால், கொடுப்பதை வாங்கி அடிக்கிறோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் களை அப்படியே நிற்கிறது, அல்லது கருகிய இடத்தில் மறுபடி தளிர்க்கிறது. பெரும்பாலும் குறை மருந்தில் இல்லை. வயலில் நிற்பது எது என்று பார்க்காததுதான் காரணம். மருந்து வாங்கும் முன் வயலின் நாலு இடத்தில் செடியை வேரோடு பிடுங்கி, கீழ்க்கண்டபடி பாருங்கள்.

முதலில்: புல்லா, கோரையா?

தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும், கணு தெரியும், கணுக்களுக்கு நடுவே பெரும்பாலும் குழலாக இருக்கும். கோரையின் தண்டில் கணு தெரியாது. உள்ளே சதைப்பிடிப்பாக இருக்கும், முக்கோணமாக விரலில் தட்டும்.

இதைப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், சைஹாலோபாப் பியூட்டைல் போன்ற மருந்துகள் குதிரைவாலி போன்ற புல் வகைகளை மட்டுமே கொல்லும். கோரையின் மேல் அடித்தால் காசுதான் வீண்.

இரண்டாவது: கிழங்கு உண்டா, இல்லையா?

செடியை வெடுக்கென்று இழுக்காமல், களைக்கொத்தால் மண்ணோடு பெயர்த்து நீரில் அலசுங்கள்.

அடியில் கறுத்த சிறு கிழங்குகள் நூல் கோத்த மாதிரி தொடர்ந்து வந்தால் அது கிழங்குக் கோரை. முத்தக்காசு என்பதும் இதுதான். கிழங்கை நசுக்கினால் வாசனை வரும். பூங்கொத்து செம்பழுப்பாக இருக்கும். தண்ணீர் நிற்கும் வயலில் இது அடங்கிவிடும். மேட்டுப் பகுதி, தண்ணீர் கட்டாத வயல், புழுதி விதைப்பு ஆகியவற்றில்தான் தலையெடுக்கும்.

வேர் வெறும் நார்க்கொத்தாக இருந்தால் அது விதையில் முளைத்த கோரை. நெல் வயலில் இதில் மூன்று வகை அதிகம். ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால் அடையாளத்தை வைத்தே பிரியுங்கள்.

வட்டக்கோரை: தண்டு மென்மையாக, கூரான முக்கோணமாக இருக்கும். உச்சியில் பூக்கள் நெருக்கமாகச் சேர்ந்து உருண்டைப் பந்துகள் போல் நிற்கும். எப்போதும் ஈரம் இருக்கும் சேற்று வயலில் செழிக்கும்.

ஊசிக்கோரை: பூங்கொத்து பந்தாகச் சேராது. மஞ்சள் கலந்த பழுப்புக் கதிர்களாகப் பிரிந்து விரிந்திருக்கும். தண்ணீர் அடிக்கடி வற்றும் வயலில் அதிகம் வரும்.

விசிறி போன்ற கோரை: அடிப்பகுதி தட்டையாக, இலைகள் இரு பக்கமும் விசிறி மாதிரி அடுக்கியிருக்கும். இதன் தண்டு முக்கோணமாக இல்லாமல் நாலைந்து விளிம்போடு இருக்கும். பூக்கள் மிளகை விடச் சிறிய செம்பழுப்பு உருண்டைகளாக, தனித்தனிக் காம்பில் நிற்கும்.

பூக்கும் முன் வட்டக்கோரையையும் ஊசிக்கோரையையும் பிரிப்பது கடினம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம், இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான். வட்டக்கோரை முளைத்த சுமார் ஒரு மாதத்திலேயே விதை கட்டிவிடும்.

விதைக் கோரைக்கு என்ன செய்யலாம்?

இவற்றின் விதை மிகச் சிறியது, சேற்றின் மேற்பரப்பில் கிடந்துதான் முளைக்கும். முதல் சேற்றுழவுக்குப் பின் சில நாள் விட்டு, முளைத்ததை அடுத்த உழவில் மடக்குங்கள். நிலத்தைச் சமமாகப் பரம்படியுங்கள். மேடு தெரியும் இடத்தில்தான் கோரை முதலில் வரும். நடவு வயலில் நட்ட 3 முதல் 5 நாளுக்குள், மெல்லிய நீர் நிற்கும்போது பிரிட்டிலாக்குளோர் இடலாம். சேற்றில் நேரடியாக விதைத்திருந்தால் பயிர்ப் பாதுகாப்பான் கலந்த பிரிட்டிலாக்குளோரை மட்டுமே கேட்டு வாங்குங்கள். தப்பி வளர்ந்ததைக் கோனோவீடர் ஓட்டியோ கையாலோ பூக்கும் முன் எடுத்துவிடுங்கள். 2,4-டி அடிப்பதானால் பக்கத்து வயலில் பருத்தி இருக்கிறதா என்று பாருங்கள். காற்றில் போகும் சாரலே பருத்தியைக் கெடுத்துவிடும்.

கிழங்குக் கோரைக்கு என்ன செய்யலாம்?

முளைக்கும் முன் இடும் மருந்து கிழங்கைத் தொடாது. கையால் இழுத்தால் மேல் செடி மட்டும் அறுந்து வரும், கிழங்கு மறுபடி முளைக்கும். ஈர மண்ணில் ரோட்டவேட்டர் ஓட்டினால் கிழங்குத் தொடர் துண்டாகி வயல் முழுவதும் பரவும். கோடையில் ஆழமாக உழுது கிழங்கை மேலே புரட்டி வெயிலில் காய விடுங்கள், கிடைப்பதைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். நெல்லில் தண்ணீரை வற்றவிடாமல் நிறுத்துங்கள். கரும்பு, மக்காச்சோளத்தில் கிழங்குக் கோரைக்கென்று ஹாலோசல்பியூரான் மீத்தைல் இருக்கிறது.

எந்த மருந்தானாலும் அளவை டப்பாவில் உள்ளபடியே எடுங்கள். சந்தேகம் இருந்தால் பிடுங்கிய செடியை வேரும் பூவுமாக ஈரத்துணியில் சுற்றி வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்பதை விடச் செடியைக் காட்டிக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.