இலவச இயங்குதளமும் ஆண்டுச் சந்தாவும்

ஸ்ரீரங்கப்பட்டணத்து உழவர் ஒருவர் நிலப் பதிவின் நகலைக் கேட்டால், கர்நாடகத்தின் பூமித் திட்டத்தின்படி அது கணினியிலிருந்தே கிடைக்கிறது. இத்தகைய பொதுப் பணிகளுக்கான கணினிகள் ஆண்டுக்கணக்கில் தடையின்றி இயங்க வேண்டியவை. மின் ஆளுமைத் திட்டங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கவேண்டும் என்று மைய அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கை கூறுகிறது.

உரிமக் கட்டணம் இல்லையெனில் செலவே இல்லை என்று கருதுவோர் உளர். அது சரியன்று. லினக்சின் மூல நிரலை எவரும் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். ரெட் ஹாட் போன்ற நிறுவனங்கள் சந்தா பெற்றுக்கொண்டு அளிப்பவை, நெடுங்காலத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் பழுது நீக்கும் உதவியுமாகும். சர்வர்கள் பெருகப் பெருகச் சந்தாவும் பெருகும்.

சந்தாவைத் தவிர்க்க விரும்பிய பலர், அதே நிரலிலிருந்து ஆக்கப்பட்ட சென்ட் ஓ.எஸ். என்னும் இலவசப் பதிப்பை நாடினர். அதன் எட்டாம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 2021 இறுதியோடு அது நிறுத்தப்படும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. விலையின்றிப் பெற்றவர்க்கு முறையிட ஒப்பந்தம் ஏது? அல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகியவை பின்னர் அவ்விடத்தை நிரப்பின என்றாலும், மாற்றும் உழைப்பு முழுவதும் பயன்படுத்தியவர்கள் தலையிலேயே விழுந்தது.

நிதி ஒதுக்கீட்டில் உள்ள சிக்கல் இதுதான்: நிரந்தர உரிமம் ஒரு முறை வாங்குவது, மூலதனச் செலவு, சந்தாவோ ஆண்டுதோறும் வருவாய்க் கணக்கில் வருவது. திட்டக் காலம் முடிந்ததும் ஒதுக்கீடு நின்றுவிடுகிறது, கணினியோ நிற்பதில்லை. ஆகவே மதிப்பீடு தயாரிக்கும்போதே, ஐந்தாண்டுச் சந்தாவையோ அப்பணியைத் தாமே செய்யவல்ல ஊழியர்களின் ஊதியத்தையோ அதில் காட்டிவிடுதல் வேண்டும்.