பறவை போட்டோவை எவ்வளவு ‘கிராப்’ செய்யலாம்? - விரல் வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலையோரம் பைக்கை நிறுத்திவிட்டு, கழுத்தில் கேமராவோடு நிற்கிறார்கள் சில இளைஞர்கள். எதிரே பள்ளிக்கரணை சதுப்புநிலம். தண்ணீரில் தூரமாக ஒரு பூநாரைக் கூட்டம். ஒரு மணி நேரத்தில் 300 கிளிக். வீட்டுக்கு வந்து அதில் நல்லதாக ஒன்றை ஃபேமிலி குரூப்பில் போட்டால், அடுத்த நிமிடமே சித்தியிடம் இருந்து பதில் வருகிறது: “படம் நல்லா இருக்குப்பா… பறவை எங்க?”

உடனே கிராப். இரண்டு விரலால் இழுத்து, பறவையை ஸ்கிரீன் முழுக்க நிரப்பி மறுபடியும் அனுப்பினால், இப்போது நண்பனின் ரிப்ளை: “என்னடா, பெயின்டிங் மாதிரி இருக்கு?”

பறவை போட்டோ எடுக்கும் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. விட்டால் பறவை தெரியாது, வெட்டினால் படம் கெடும். அப்படியென்றால் எந்த அளவு சரி?

கிராப் செய்யும்போது என்ன நடக்கிறது?

கிராப் செய்வதும் ஜூம் செய்வதும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். லென்ஸ் ஜூம் ஆகும்போது, பறவை சென்சாரில் பெரிதாக விழுகிறது. இறகின் நுணுக்கம் கூடுதலாகப் பதிவாகிறது. கிராப்பில் புதிதாக எதுவும் சேராது. ஏற்கெனவே பதிவானதில் ஓரங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதியைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். மொபைலில் இருக்கும் டிஜிட்டல் ஜூமும் அடிப்படையில் இதே வேலைதான். எடுக்கும்போதே நடந்துவிடுகிறது, அவ்வளவே.

மீதியைப் பெரிதாக்கும்போது அதில் உள்ள குறைகளும் சேர்ந்தே பெரிதாகின்றன. லேசான கை நடுக்கம், சற்றே தவறிய ஃபோகஸ், இருட்டில் எடுத்ததால் வந்த புள்ளிப் புள்ளியான நாய்ஸ் எல்லாமே முழுப் படத்தில் கண்ணில் படாமல் இருந்திருக்கும். கிராப்பில் அவை முன்னால் வந்து நிற்கும். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக வெட்டினால், சென்சாரின் கால் பங்கு மட்டுமே மிஞ்சுகிறது. அதே அளவில் வைத்துப் பார்க்கும்போது, ஐஎஸ்ஓ 1600-ல் எடுத்த படம் ஏறத்தாழ 6400-ல் எடுத்தது போலத் தெரியும்.

இன்னொரு எதிரி வெயில். பொழுது ஏற ஏற, சூடான தரைக்கும் தண்ணீருக்கும் மேலே காற்று நடுங்கத் தொடங்கும். தூரத்துப் பறவை அந்த நடுக்கத்துக்குப் பின்னால்தான் நிற்கிறது. விலை உயர்ந்த லென்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது. இப்படிப்பட்ட படத்தை எவ்வளவு கிராப் செய்தாலும், பெரிதாவது அந்த நடுக்கம்தான்.

ஒரு சின்னக் கணக்கு

பரவலாகப் பயன்படும் 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் 6000-க்கு 4000 பிக்சல் அளவில் இருக்கும். பறவை படத்தின் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு என்றால், அதன் நீளம் 1500 பிக்சல். அது ஃபிரேமில் பாதியை நிறைக்கும்படி வெட்டினால் 3000-க்கு 2000, அதாவது 6 மெகாபிக்சல் மிஞ்சும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற வழக்கமான அளவில் பிரின்ட் போட்டால் 10 அங்குல அகலப் படம் கிடைக்கும். தாராளம்.

அதே பறவை அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் என்றால் 600 பிக்சல். பாதி ஃபிரேம் நிறைய வெட்டினால் 1200-க்கு 800. ஒரு மெகாபிக்சல்கூட இல்லை. பிரின்ட் என்றால் 4 அங்குலம், ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டு அளவு.

ஆனால் 1080 பிக்சல் அகலமுள்ள இன்ஸ்டாகிராம் பதிவுக்கு இதுவே போதும். ஆகவே ‘எவ்வளவு கிராப் செய்யலாம்’ என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, ‘இதை யார், எதில் பார்க்கப் போகிறார்கள்?’ என்பதே. போன் ஸ்கிரீனில் பளிச்சென்று தெரியும் படம், 4கே டிவியின் 3840 பிக்சல் அகலத்துக்கு இழுக்கப்படும்போது பல்லிளிக்கும்.

வாட்ஸ்அப் கதை வேறு. அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். ஏற்கெனவே இறுக்கமாக வெட்டிய படம் இன்னும் மோசமாகும். படம் அப்படியே போய்ச் சேர வேண்டுமானால், ‘டாகுமென்ட்’ ஆக அனுப்புவது நல்லது.

எங்கே கத்தி வைக்கக் கூடாது?

பிக்சல் போதுமான அளவு இருந்தாலும், மிக இறுக்கமான கிராப் பார்ப்பவருக்கு மூச்சு முட்டும். பறவை ஒரு பெட்டிக்குள் அடைபட்டது போல இருக்கும்.

அது பார்க்கும் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுவது பழைய பாடம். இடது பக்கம் பார்க்கிற மீன்கொத்திக்கு இடது பக்கம்தான் காலி இடம் வேண்டும். பறக்கும் பறவைக்கு, அது போகிற திசையில் இன்னும் தாராளமாக. தண்ணீரில் நிற்கும் பறவையின் நிழலுரு முழுதாக விழுந்திருந்தால், அதைப் பாதியில் வெட்டுவதைவிட முழுதாக விடுவது நல்லது. நெடுங்கால் உள்ளான் என்றால், அந்த நீண்ட ரோஸ் நிறக் கால்களும் தண்ணீரில் அவற்றின் பிம்பமும்தான் படமே.

வால் நுனி, இறக்கை நுனி, கால் விரல். இந்த மூன்றும்தான் அவசர கிராப்பில் அதிகம் பலியாகின்றன. நீளவால் இலைக்கோழிக்கு இனப்பெருக்கக் காலத்தில் வளைந்து நீளும் வால்தான் அழகு. அதன் கடைசி நுனி மட்டும் ஓரத்தில் வெட்டுப்பட்டால், பார்ப்பவரின் கண் நேராக அங்கேதான் போகும். வெட்டுவதாக இருந்தால், தலையும் கழுத்தும் மட்டும் என்று துணிந்து வெட்டலாம். ‘கொஞ்சூண்டு’ வெட்டுவதுதான் தவறு போலத் தெரியும்.

அடையாளத்தையே வெட்டிவிடும் கிராப்

அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். “இது என்ன பறவை?” என்று கேட்டு அனுப்பும் படங்களில், பதில் பெரும்பாலும் வெட்டப்பட்ட பகுதியில்தான் இருக்கும்.

கொக்கை எடுத்துக்கொள்ளலாம். சின்ன வெள்ளைக் கொக்குக்குக் கால் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள்; ஷூ போட்டது போல இருக்கும். நடுத்தர அளவுள்ள வெள்ளைக் கொக்குக்கு பாதமும் கருப்பு. இனப்பெருக்கக் காலத்தில் இதன் மஞ்சள் அலகும் கருப்பாகிவிடுவதால், பாதம் இல்லாத படத்தை வைத்துக் குழம்ப வாய்ப்பு அதிகம்.

அந்தரத்தில் இறக்கை அடித்து நின்று மீனைக் குறிபார்க்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியில், ஆணுக்கு மார்பில் இரண்டு கருப்புப் பட்டைகள். பெண்ணுக்கு ஒன்றுதான், அதுவும் நடுவில் விட்டுப்போயிருக்கும். தலையை மட்டும் ‘க்ளோஸ்-அப்’ ஆக வெட்டினால், ஆணா பெண்ணா என்று சொல்வது கஷ்டம்.

பறவை நிற்கும் இடமும் ஒரு தடயம்தான். சேற்று விளிம்பா, கோரைப் புல்லா, மரக்கிளையா, பக்கத்தில் அளவை ஒப்பிட வேறு பறவை இருக்கிறதா? கண்டறிபவர்கள் இவற்றையும் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ‘இ-பேர்ட்’ தளத்தில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பலர் பட்டியல் இடுகிறார்கள். அங்கே ஏற்றும் படங்கள் மெக்காலே நூலகம் என்ற ஆவணத் தொகுப்பில் சேர்கின்றன. 1 முதல் 5 நட்சத்திரம் வரை மதிப்பிடப்படுகின்றன. பறவை தெளிவாகத் தெரியும்படி கிராப் செய்வதை அங்கே வரவேற்கிறார்கள். வேண்டாம் என்பது வாட்டர்மார்க்கையும் பார்டரையும்தான். படத்தை வைத்துப் பறவையின் பெயர் சொல்லும் ‘மெர்லின்’ செயலியும் இந்தத் தொகுப்பில் இருந்துதான் கற்றுக்கொள்கிறது.

இங்கேதான் ஏஐ கருவிகளில் கவனம் தேவை. மங்கிய கிராப்பை ஒரே கிளிக்கில் ‘ஷார்ப்’ ஆக்கித் தரும் செயலிகள், இல்லாத இறகுக் கோடுகளை யூகித்து வரையக்கூடும். பார்க்க நன்றாக இருக்கலாம். ஆனால் அந்தக் கோட்டை நம்பி ஒருவர் பறவைக்குப் பெயர் வைத்தால், பதிவே தப்பாகிவிடும்.

கிட்டப் போவதா, வெட்டிக்கொள்வதா?

“கிராப் செய்யத் தேவையில்லாத அளவுக்குக் கிட்டப் போங்க” என்பது போட்டோகிராபியில் அடிக்கடி கேட்கும் அறிவுரை. பறவை விஷயத்தில் இதற்கு ஒரு எல்லை உண்டு.

ஆள்காட்டியைப் பார்த்தாலே புரியும். ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். தரையில், சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிடும் பறவை. யாராவது நெருங்கினால் எழுந்து கத்திக்கொண்டே சுற்றும். அதைப் படம் எடுப்பவருக்கு அது ‘ஆக்‌ஷன் ஷாட்’. அதே நேரத்தில் முட்டைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும், காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தியாவில் பல வனவிலங்குப் புகைப்படப் போட்டிகள் கூட்டில் எடுத்த பறவைப் படங்களை ஏற்பதில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

மேய்ந்துகொண்டிருந்த பறவை சட்டென்று தலை நிமிர்த்தினாலோ, இரை தேடுவதை நிறுத்தினாலோ, கழுத்தை நீட்டி விறைத்தாலோ, அங்கேயே நின்றுவிட வேண்டும். முடிந்தால் இரண்டு அடி பின்வாங்க வேண்டும். மிச்ச தூரத்தைக் கிராப் பார்த்துக்கொள்ளட்டும். அதில் படத்தின் தரம் கொஞ்சம் குறையலாம். ஆனால் அந்தப் பறவையின் காலை உணவு கெடாது.

வெட்டில் காணாமல் போகும் கட்டிடங்கள்

மறுபடி பள்ளிக்கரணை. முழுப் படத்தில் பூநாரைகளுக்குப் பின்னால் அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஐடி அலுவலகங்கள், மின்கம்பிகள். கேமராவைத் திருப்பினால் பெருங்குடி குப்பைக் கிடங்கு. கிராப் செய்தால் எல்லாம் மறைந்துவிடும். தண்ணீர், பறவை, பொன் வெயில் மட்டும். ஏதோ ஆள் நடமாட்டமே இல்லாத ஏரி போல இருக்கும்.

இது பொய்யா? போட்டி விதிகளின்படி இல்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் புகைப்படச் சங்கங்களும் சர்வதேசக் கூட்டமைப்பான ‘எஃப்ஐஏபி’யும் சேர்ந்து வகுத்த இயற்கைப் புகைப்பட வரையறையில், படத்தில் உள்ள ஒரு பொருளைச் சேர்ப்பதும் மாற்றுவதும் நீக்குவதும் கூடாது. ஆனால் கிராப் மூலம் நீக்கலாம். ஓரத்து மின்கம்பத்தை வெட்டி விடலாம். பறவைக்குப் பக்கத்தில் மிதக்கும் பிளாஸ்டிக் கவரை அழிக்க முடியாது.

ஆனாலும் விதிக்கு வெளியே ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பள்ளிக்கரணை 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதன் பரப்பு 1,247.54 ஹெக்டேர். ஒரு காலத்தில் இதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்த சதுப்புநிலம் இது. ஒவ்வொரு சீசனிலும் வெளியாகும் பூநாரைப் படங்கள் எல்லாம் இறுக்கமாக வெட்டப்பட்டவையாகவே இருந்தால், பார்ப்பவர் மனதில் என்ன பதியும்? “எல்லாம் நல்லாத்தானே இருக்கு” என்பதுதான். சுற்றிலும் நகரம் நெருக்குகிற இடத்தில் இந்தப் பறவைகள் தாக்குப்பிடிக்கின்றன என்ற செய்தி, வெட்டி எறிந்த ஓரங்களோடு போய்விடுகிறது.

இதற்குத் தீர்வு ரொம்பச் சிம்பிள். ஒரே பதிவில் இரண்டு படம். முதலில் பறவை தெளிவாகத் தெரியும் கிராப். ஸ்வைப் செய்தால் கட்டிடங்களோடு முழுப் படம். எந்த இடம் என்று கேப்ஷனில் ஒரு வரி.

கிராப் செய்யும் முன் 5 கேள்விகள்

1. ஒரிஜினல் பத்திரமாக இருக்கிறதா? காப்பியில் மட்டும் கை வைக்கவும்.

2. எங்கே போடப் போகிறோம்? இன்ஸ்டாவுக்கு 1080 பிக்சல் அகலம் போதும். 10 அங்குல பிரின்ட்டுக்கு 3000 வேண்டும்.

3. கண் ஷார்ப்பாக இருக்கிறதா? கண்ணே மங்கலாக இருந்தால், இறுக்கமான கிராப் கைகொடுக்காது. சுற்றுப்புறத்தோடு விட்டுவிடலாம்.

4. வால், இறக்கை, பாதம் முழுசாக இருக்கின்றனவா? பார்க்கும் திசையில் இடம் இருக்கிறதா?

5. வெட்டி எறிவது வெறும் காலி இடமா, அல்லது கதையின் ஒரு பகுதியா?

அடுத்த ஞாயிறு ஃபேமிலி குரூப்பில் இரண்டு படமும் போகட்டும். சித்திக்குப் பறவை தெரியும். அது எங்கே நிற்கிறது என்பதும் தெரியும்.